கணினிச் சில்லின் வேகமும் அதனை அளக்கும் முறையும்

கணினி ஒன்றை விலைக்குக் கொள்ளப் புகும் எம்மவர் கடைக்காரரிடம் முதலிற் கேட்கும் வினா, "இதன் வேகம் எவ்வளவு?" என்பதாகும். கடைக்காரரும் "மூன்று தசம் ஆறு" என்றோ "நான்கு தசம் இரண்டு" என்றோ ஓர் எண்ணைக் கூறுவார். எண் பெரிதாயின் பொருளும் பெரிதென்று மனம் அமைதி கொள்ளும், பணம் கைமாறும். அவ்வெண் எதனைக் குறிக்கின்றது, வெவ்வேறு நிறுவனத்தார் ஆக்கிய சில்லுகளை அவ்வெண் ஒன்றைக் கொண்டே ஒப்புநோக்குதல் தகுமா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணமுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நயினாதீவிலுள்ள பாடசாலையொன்றுக்குக் கணினிகள் வாங்குவதற்கென வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் சிலர் பணம் அனுப்பினர். தெரிவு செய்யும் பொறுப்பு எம்மிடம் வந்தது. இரண்டு விலைக் கடிதங்கள் கிடைத்தன. பெரிய எண் எழுதியிருந்த கடிதத்தையே நாம் தெரிந்தோம். பெட்டிகள் குறிகட்டுவான் துறையிலே வள்ளமேறிப் பத்திரமாய்த் தீவை அடைந்தன. ஆயின், ஒரு படத்தைத் திறப்பதற்குள் பிள்ளைகள் எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று ஆசிரியர் எழுதினார். கடைக்காரர் பொய் கூறவில்லை. அவர் கூறிய எண்ணும் பொய்யன்று. நாம் கேட்ட கேள்வியே பிழையானது. இப்பொழுது விழாவை முன்னிட்டு மறுபடியும் அதே பணி எமது கையில் வந்துள்ளது. ஆகலின் அன்று அறியாதிருந்ததை இன்று அறிந்த அளவில் எழுதுகின்றோம்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் சில்லு என்றால் வண்டிச் சக்கரமே எவர்க்கும் நினைவுக்கு வரும். இங்கே நாம் கூறும் சில்லு, விரல் நகம் அளவான சிலிக்கன் துண்டிற் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் பொறிக்கப்பட்ட பொருளாகும். அவற்றுள் கட்டளைகளை நிறைவேற்றும் தலைமைச் சில்லைப் பாடநூல்கள் முறைவழியாக்கி என்னும். தமிழகத்தார் செயலி என்பர். சிறிய சொல்லாதலின் நாமும் செயலி என்றே வழங்குவோம்.

செயலியின் உள்ளே ஒரு மின்துடிப்பு ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வேலை ஓரடி முன்செல்லும். ஒரு செக்கனில் எத்தனை துடிப்பு என்பதே மீடிறன். செக்கனுக்கு ஒரு துடிப்பு ஒரு ஹேர்ட்ஸ். பத்து இலட்சம் துடிப்பு ஒரு மெகாஹேர்ட்ஸ். நூறு கோடி துடிப்பு ஒரு கிகாஹேர்ட்ஸ். 1971ஆம் ஆண்டு நவம்பரில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் 2,300 திரான்சிற்றர்களே இருந்தன. அதன் மீடிறன் 740 கிலோஹேர்ட்ஸ். இன்றைய மேசைக் கணினியிலே மூன்று கிகாஹேர்ட்ஸ் என்பது சாதாரணம். அத்துடிப்பு ஒன்று நிகழும் நேரத்தில், செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்லும் ஒளியுங்கூடப் பத்துச் சென்ரிமீற்றரே செல்லும்.

கடைக்காரர் கூறும் எண் இம்மீடிறனே. இதனை வேகம் என்று கொள்வதில் உள்ள வழுவைத் தீவுப் பிள்ளைகளுக்கு விளக்குதல் எளிது. இரண்டு வள்ளங்கள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் செல்கின்றன. ஒருவன் நிமிடத்துக்கு நாற்பது முறை துடுப்புப் போடுகிறான். மற்றவன் முப்பது முறையே போடுகிறான். முந்தி வருபவன் யார்? முன்னவன் துடுப்பின் அலகு சிறிதாயும் பின்னவனது பெரிதாயும் இருந்தால் முப்பதே வெல்லும். இவ்வுவமையைக் கடலிற் பழகிய முதியவர் ஒருவரிடம் கூறியபோது அவர் சிரித்து, "தம்பி, எத்தினை தரம் துடுப்புப் போட்டனெண்டு ஆர் கேக்கிறது? கரைக்கு எப்ப வந்தனெண்டெல்லோ கேப்பினம்" என்றார். செயலியை ஆராய்வோர் நெடுங்காலம் வாதித்து அடைந்த முடிவும் இதுவே.

கணக்காகச் சொல்லின், ஒரு வேலைக்குச் செல்லும் நேரம் மூன்று எண்களால் அமையும். அவ்வேலையில் எத்தனை கட்டளைகள் உள்ளன என்பது ஒன்று. ஒரு துடிப்பிற் சராசரியாக எத்தனை கட்டளைகள் முடிகின்றன என்பது மற்றொன்று. செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பது மூன்றாவது. அறுநூறு கோடி கட்டளைகள் கொண்ட ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். மூன்று கிகாஹேர்ட்ஸ் செயலி துடிப்புக்கு ஒரு கட்டளை முடிக்குமாயின் இரண்டு செக்கன் செல்லும். இரண்டு கிகாஹேர்ட்ஸ் செயலி துடிப்புக்கு இரண்டு கட்டளை முடிக்குமாயின் ஒன்றரைச் செக்கனே செல்லும். மீடிறனிற் குறைந்தது நேரத்தில் வென்றது. முதலாவது எண்ணும் நிலையானதன்று. ஒருவகைச் செயலி ஒரே கட்டளையில் முடிப்பதை வேறொரு வகை இரண்டு மூன்று சிறு கட்டளைகளாகப் பிரித்தே முடிக்கும். ஆதலின் வெவ்வேறு குலத்துச் செயலிகளைக் கட்டளைத் தொகையால் ஒப்பிடுதலும் ஆகாது.

இவ்வுண்மையைச் சந்தை எவ்வாறு மறந்தது, எவ்வாறு மீண்டும் கற்றது என்னும் வரலாறு சுவையுடையது. 2000ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் ஏ.எம்.டி. நிறுவனம் தன் அத்லன் செயலியை ஒரு கிகாஹேர்ட்ஸ் மீடிறனுடன் அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 8ஆம் நாள், இன்ரெல் தன் பென்ரியம் 3 செயலியை அதே மீடிறனுடன் அறிவித்தது. இரண்டு நாள் முந்தியமை உலகச் செய்தியாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் இன்ரெல் பென்ரியம் 4 என்னும் புதிய செயலியைக் கொணர்ந்தது. அது தொடக்கத்திலேயே 1.4, 1.5 கிகாஹேர்ட்ஸ் அளவில் ஓடியது. எவ்வாறு இயன்றதெனின், ஒவ்வொரு கட்டளையையும் நிறைவேற்றும் வேலையை இருபது சிறு படிகளாக அது கூறுபடுத்தியிருந்தது. முன்னைய பென்ரியம் 3இல் படிகள் பத்தளவே. கிணற்றிலிருந்து தோட்டம் வரை வரிசையில் நின்று வாளி கைமாற்றுவோரை எண்ணிப் பாருங்கள். ஆள்களை இரட்டித்து நெருக்கமாக நிறுத்தினால் ஒவ்வொருவர் கையும் விரைந்து அசையும். வாளிகளும் அடுத்தடுத்து வரும். ஆனால் இடையிலே "இத்தோட்டமன்று, அடுத்த தோட்டம்" என்று கட்டளை மாறினால் வழியிலுள்ள வாளிகள் அத்தனையும் வீண். நிரலில் "இஃதாயின் இதைச் செய், அன்றேல் அதைச் செய்" என்னும் கிளைகள் மிகப் பல. எவ்வழி செல்லும் என்று செயலி முன்கூட்டி ஊகித்தே வேலையைத் தொடங்கும். ஊகம் பிழைக்குந்தோறும் நீண்ட வரிசை பெரிய நட்டம் அடையும்.

ஆகவே ஒரே மீடிறனில் அத்லன் பென்ரியம் 4ஐ விட மிகுந்த வேலை செய்தது. எனினும் வாங்குவோர் எண்ணையே பார்த்தனர். ஏ.எம்.டி. ஓர் உபாயம் கண்டது. 2001 ஒக்ரோபரில் வெளியிட்ட அத்லன் எக்ஸ்பி செயலிகளுக்கு மீடிறனைப் பெயராக்காது வேறோர் எண்ணைச் சூட்டியது. 1800+ எனப் பெயர் பெற்ற செயலியின் உண்மையான மீடிறன் 1.53 கிகாஹேர்ட்ஸ். பொய்யென்று சிலர் பழித்தனர். பொய்யான அளவுகோல் ஒன்றுக்கு எதிராக மற்றொரு பொய்யைக் கொணர்ந்தனர் என்பதே எமது கருத்து; ஆயினும் இரண்டாவது பொய் மெய்க்குச் சற்று அணித்தாயிருந்தது. அதே ஆண்டு யூலையில் அப்பிள் நிறுவனமும் 867 மெகாஹேர்ட்ஸ் கொண்ட தன் கணினியை 1.7 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 கணினியுடன் மேடையிலே போட்டியிடச் செய்து வென்று காட்டியது. மேடையில் எந்த வேலையை ஓட்டுவதென்று தெரிந்தவரும் அப்பிள் நிறுவனத்தாரே என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இங்கு ஒரு சிறு செய்தி. பென்ரியம் என்னும் பெயருடன் 1993இல் வெளிவந்த முதற் செயலியின் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் பூனேயிற் பிறந்த வினோத் தாம். 1995இல் இன்ரெலை நீங்கி நெக்ஸ்ஜென் என்னும் சிறு நிறுவனத்திற் சேர்ந்தார். அதனை ஏ.எம்.டி. வாங்கிக்கொண்டது. பின் பென்ரியத்துக்குப் போட்டியாக 1997இல் வந்த கே6 செயலியிலும் அவர் பங்கு கொண்டார். இரு படையிலும் நின்று பொருதவர் என்று அவரைச் சொல்லலாம்.

பந்தயம் எங்கே முடிந்தது? வெப்பத்தில் முடிந்தது. திரான்சிற்றர் சிறுக்குந்தோறும் அதற்கு வேண்டிய மின்னழுத்தமும் குறையும், ஆதலின் எத்துணை நெருக்கினும் சில்லின் சூடு ஏறாது என்னும் விதியை ஐ.பி.எம். நிறுவனத்து றொபேர்ட் டெனாட் 1974இல் எடுத்துக் காட்டினார். முப்பதாண்டளவு அவ்விதி எல்லோரையும் சுமந்து சென்றது. பின்னர் அழுத்தத்தை மேலும் குறைக்க இயலவில்லை. 2004இல் வந்த பென்ரியம் 4இன் வரிசை முப்பத்தொரு படியாக நீண்டிருந்தது, மீடிறன் 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை சென்று நின்றது. நான்கு கிகாஹேர்ட்ஸ் செயலி வருமென்று அறிவித்திருந்த இன்ரெல், அவ்வாண்டு ஒக்ரோபரில் அதனைக் கைவிட்டது. 2006இல் அந்நிறுவனமே வெளியிட்ட கோர் 2 டுவோ 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடிக்கொண்டு பழைய 3.8ஐத் தோற்கடித்தது. தன் கணக்கைத் தானே திருத்தியது என்க.

அதன்பின் வேறு வழி பிறந்தது. ஒரு வேகமான செயலிக்குப் பதிலாக ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு எனக் கருக்களை அமைக்கலாயினர். கடைக்காரர் இன்று இரண்டாவதாகக் கூறும் எண் இதுவே. இங்கும் எச்சரிக்கை வேண்டும். ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்வோர் யாவரும் இதனை அறிவர். வள்ளங்கள் எத்தனை மிகினும், ஏறும் துறை ஒன்றேயாயின் வரிசை துறையில் நிற்கும். அன்றியும் யாழ்ப்பாணத்திலிருந்து தீவு செல்ல இரண்டு மணி நேரம் செல்கின்றது என வைத்துக்கொள்வோம். அதில் பேருந்துக்கு எழுபத்தைந்து நிமிடம், காத்திருப்புக்கு இருபத்தைந்து, வள்ளத்துக்கு இருபது. வள்ளத்தின் வேகத்தை இரட்டித்தால் மிச்சமாவது பத்து நிமிடமே. கண்ணிமைப்பிற் கடலைத் தாண்டினும் நூறு நிமிடம் நிற்கும். 1967இல் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் எடுத்துரைத்த விதி இதுவே: பிரித்துச் செய்ய இயலாத பகுதி எவ்வளவோ, கருக்களைப் பெருக்குவதால் வரும் பயனின் எல்லையும் அவ்வளவே. கடிதம் எழுதும் பிள்ளைக்குப் பதினாறு கரு எதற்கு?

எமது முதற் தெரிவு ஏன் பிழைத்தது என்பதை இனிக் கூறுதல் எளிது. செயலி வேண்டும் தரவு அதன் அருகிலுள்ள பதுக்கு நினைவகத்தில் இருந்தால் சில துடிப்புகளிற் கிடைக்கும். அங்கில்லையேல் முதன்மை நினைவகத்துக்குச் செல்லல் வேண்டும். மூன்று கிகாஹேர்ட்ஸ் செயலிக்கு அது ஏறக்குறைய முந்நூறு துடிப்பு. அங்குமில்லையேல் வட்டுக்குச் செல்லல் வேண்டும். ஒரு துடிப்பை ஒரு செக்கனாக நீட்டிப் பார்ப்போம். பதுக்கு நினைவகம் கைக்கெட்டும் அலுமாரி. முதன்மை நினைவகம் ஐந்து நிமிட நடை. திண்ம நிலைச் சேமிப்பகம் மூன்றரை நாட் பயணம். சுழலும் பழைய வன்தட்டோ, பத்து மில்லி செக்கன் எடுப்பதால், மூன்று கோடி துடிப்பு. அஃதாவது ஓராண்டுக்குச் சற்றுக் குறைவு! நாம் வாங்கிய கணினிகளிற் செயலி நல்லதே. நினைவகம் சிறிது, வன்தட்டு சுழல்வது. ஆதலின் நினைவகத்திற் கொள்ளாததை எல்லாம் வன்தட்டுக்கு அனுப்பி அனுப்பி, அச்செயலி தன் வாழ்நாளைக் காத்திருப்பிலே கழித்தது. பின்னர் நினைவகத்தைக் கூட்டி, வன்தட்டை மாற்றியபோது, செயலியைத் தொடாமலே கணினிகள் உயிர் பெற்றன.

அவ்வாறாயின் ஒப்பிடுவது எங்ஙனம்? உண்மையான வேலைகளைக் கொடுத்து நேரத்தை அளப்பதே நேர்வழி. இதற்கெனவே 1988இல் ஸ்பெக் என்னும் அமைப்பைக் கணினி ஆக்குவோர் பலர் கூடி நிறுவினர். ஆயினும் அளந்த எண்களைச் சுருக்குவதிலும் ஒரு பொறியுண்டு. கணிதம் விரும்பும் மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்க. 'அ' என்னும் கணினி படவேலையைப் பத்துச் செக்கனிலும் கணக்குவேலையை நாற்பது செக்கனிலும் முடிக்கிறது. 'ஆ' இரண்டையும் இருபது இருபது செக்கனில் முடிக்கிறது. 'அ'வை அலகாகக் கொண்டால் 'ஆ'வின் நேரங்கள் 2, 0.5, கூட்டலிடை 1.25. ஆகவே 'ஆ' கால்வாசி மந்தம் என்பர். இனி 'ஆ'வை அலகாகக் கொள்க. 'அ'வின் நேரங்கள் 0.5, 2, இடை மறுபடியும் 1.25. இப்போது 'அ'வே மந்தம்! ஒரே அளவைகள், இரு வேறு தீர்ப்புகள். விற்பவன் தனக்கு வேண்டிய அலகைத் தெரிந்துகொள்வான். பெருக்கலிடையை எடுத்தால் எவ்வழியும் 1 என்றே வரும். ஸ்பெக் அமைப்பு அதனைக் கையாள்வது இதனாலேயாம். ஆனால் பெருக்கலிடையும் எமக்குப் போதாது. படவேலை நூறு முறையும் கணக்குவேலை ஒரு முறையும் நிகழும் இடத்தில் 'அ'வுக்கு 1,040 செக்கன், 'ஆ'வுக்கு 2,020. மாறி நிகழும் இடத்தில் 'அ'வுக்கு 4,010. 'ஆ'வுக்கோ அதே 2,020. எவ்வேலை எத்தனை முறை என்று கேளாமல் எது வேகமானது என்று கேட்டல் பொருளற்றது.

ஏற்றிய பொருளைப் பார்த்தே கணக்கிடுதல் எமது தீவுக்குப் புதிதன்று. நயினாதீவிலே கண்டெடுக்கப்பட்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகிய அதனைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் மரக்கலம் உடைந்தால் அரசுக்குரிய பங்கு எவ்வளவு என்று அது விதிக்கின்றது. யானை, குதிரை கொணர்ந்த கலமாயின் நாலில் ஒன்று. சரக்குக் கலமாயிற் பாதி. கலம் எவ்வளவு பெரிது என்று மன்னன் கேட்கவில்லை.

நிற்க. பொதுச் சோதனைகளிலும் சூது புகுவதுண்டு. 2024 பெப்ரவரியில் ஸ்பெக் அமைப்பு இன்ரெல் செயலிகளுக்குரிய 2,600க்கு மேற்பட்ட சோதனைப் பெறுபேறுகளின்மேல் ஒரு குறிப்பு எழுதியது. சோதனை நிரல்களுள் ஒன்றின் அமைப்பை முன்னறிந்து அதற்கெனவே தொகுப்பி திருத்தப்பட்டிருந்தது என்பதே குற்றம். வினாத்தாளை முன்னரே கண்ட மாணவனின் புள்ளி எத்தகையது என்பதை ஆசிரியராயிருந்தோர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிற் பிறந்த செயலி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியர் வீ. காமகோடி குழுவினர் சக்தி என்னும் பெயரிற் செயலிக் குடும்பம் ஒன்றை ஆக்கினர். அமெரிக்காவிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 2010இல் தோன்றி, எவரும் கட்டணமின்றிக் கையாளக்கூடியதாய் உள்ள ரிஸ்க் ஐந்து என்னும் கட்டளைத் தொகுதியே அதன் அடிப்படை. 2018இல் அதன் ஒரு சில்லு அமெரிக்காவில் இன்ரெல் ஆலையிலே 22 நனோமீற்றர் முறையில் வார்க்கப்பட்டது. மற்றொன்று இந்தியாவிற் சண்டிகாரில் 180 நனோமீற்றர் முறையில் வார்க்கப்பட்டது. முன்னதன் மீடிறன் ஏறக்குறைய 350 மெகாஹேர்ட்ஸ். கடைக்காரர் அளவுகோலின்படி இஃது இருபதாண்டு பழைமையான வேகம், நகைப்போரும் இருந்தனர். ஆனால் அது செய்மதிக்கும் கருவிகளைக் கட்டுப்படுத்தும் பலகைக்கும் வேண்டிய செயலி. அங்கு வேண்டுவது உள்ளே என்ன இருக்கின்றது என்று ஆக்கியோன் முற்றும் அறிந்திருத்தல், குறைந்த மின், நெடுநாட் பிழையாமை. 2025இல் இந்திய விண்வெளி ஆய்வு அமைப்புடன் கூடி ஆக்கிய ஐரிஸ் என்னும் சில்லும் அக்குடும்பத்ததே; அதுவும் சண்டிகாரில் வார்க்கப்பட்டது.

இனி மின்னைப் பற்றி. நயினாதீவு நாட்டின் பெரிய மின்வலையோடு இணையாத தீவு. நெடுங்காலம் டீசல் இயந்திரங்களே அதற்கு ஒளி தந்தன. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்றுக்கும் ஞாயிறு, காற்று என்பவற்றால் மின் ஆக்குதற்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. இத்தகைய இடத்தில் வேகத்தோடு வாற்றையும் கேட்டல் வேண்டும். 65 வாற்றுச் செயலிக்குப் பதிலாக 15 வாற்றுச் செயலி கொண்டால் பன்னிரண்டு கணினிகளுக்கு 600 வாற்று மிச்சம். முழுச் சுமையில் ஐந்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு மூன்று அலகு. அன்றியும் பெட்டியில் அச்சிட்ட உயர்ந்த மீடிறன் பெரும்பாலும் ஒரு கரு மட்டும் சிறிது நேரம் எட்டும் எல்லையே. சூடேறியதும் செயலி தானே தளர்ந்து அடிப்படை மீடிறனை நோக்கி இறங்கும். குளிரூட்டியில்லாத வகுப்பறையில், சித்திரை வெயிலில், கூரைத்தகட்டின் கீழ் அது எவ்வளவு விரைவில் இறங்கும் என்பதை எந்த விலைக் கடிதமும் கூறாது.

பெயர் எண்ணிலும் மயங்கற்க. கோர் ஐ7 என்பது ஐ3ஐ விட மேலென்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும் பொருந்தும். 2008இல் வந்த ஐ7-920 நான்கு கருக்களும் 2.66 கிகாஹேர்ட்ஸும் உடையது. 2022இல் வந்த ஐ3-12100 அதே நான்கு கருக்களும் 3.3 கிகாஹேர்ட்ஸும் உடையது. மீடிறனில் வேறுபாடு காற்பங்களவே. வேலையிலோ பின்னது இரு மடங்குக்கு மேல். பழைய ஐ7 கணினிகளைப் புதுக்கி விற்கும் கடைகளில் இதனை நினைவிற் கொள்க.

இம்முறை நாம் விலைக் கடிதங்களோடு நில்லாது, பாடசாலையின் கணினி ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொண்டு கடைக்கே சென்றோம். பிள்ளைகள் செய்த படத்தொகுப்பு ஒன்று, பரீட்சைப் புள்ளிகளின் கணக்கேடு ஒன்று, நாற்பது பக்கத் தமிழ்க் கட்டுரை ஒன்று ஆகியவற்றை அவர் விரல்நினைவகத்திற் கொணர்ந்திருந்தார். இரு கணினிகளையும் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பின், கைக்கடிகாரம் பார்த்து ஒவ்வொன்றையும் மும்முறை அளந்தோம். மீடிறன் மிக்க கணினி கணக்கேட்டில் மட்டும் சற்று முந்தியது. மற்றையது இரண்டிலும் முந்தியதோடு விலையிலும் குறைந்து, மின்மானியிலும் பாதியளவே காட்டியது. அதனையே கொண்டோம். அன்று மாலை குறிகட்டுவானில் எவரும் கிகாஹேர்ட்ஸைப் பற்றிப் பேசவில்லை. கடல் சற்றுக் கொந்தளிப்பாயிருந்தமையின், பன்னிரண்டு பெட்டிகளையும் மூடுவதற்குக் கொண்டுவந்த படங்கு போதுமா என்பதே பேச்சாயிருந்தது.